கணக்கு டீச்சர்களுக்கு டெக்னாலஜி: ஆப்ல ஆரம்பிக்காதீங்க, பசங்க தடுமாற எடத்துல ஆரம்பிங்க

ஒருநாள் ட்ரெய்னிங்னு கூப்பிடுவாங்க, ப்ரொஜெக்டர்ல வரிசையா பதினஞ்சு ஆப் காட்டுவாங்க, நாமளும் எல்லாத்துலயும் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பாஸ்வேர்டெல்லாம் டைரியில எழுதிட்டு வருவோம், அடுத்த வாரம் பாத்தா பழையபடி சாக்பீஸ்தான். நானும் இப்படி நாலஞ்சு போய்ட்டு வந்த ஆளுதான். அப்புறம் நாங்க மூணு கணக்கு டீச்சருங்க சேந்து எங்களுக்கு நாங்களே கத்துக்க ஆரம்பிச்சோம், அதுதான் ஒட்டுச்சு. எப்படி பண்ணோம்னு சொல்றேன்.

மொத நாள் கம்ப்யூட்டர தொடவே வேணாம். எந்த எடத்துல வருஷா வருஷம் பசங்க ஒரே தப்ப பண்றாங்கன்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் போடுங்க. எங்க லிஸ்ட்ல மேல இருந்தது ஒய் = (எக்ஸ் − 3)². மைனஸ் இருக்கே, அப்ப பரவளையம் (கிண்ணம் மாதிரி வர்ற வளைவு) இடது பக்கம் தானே போகும்னு க்ளாஸ்ல பாதிப் பேரு சொல்லுவாங்க.

இதுக்கு சமன்பாட அடிச்சா வரைபடம் போட்டுக் காட்டற டெஸ்மோஸ்ங்கற ஆப் போதும். 3 இருக்கற எடத்துல ஒரு எழுத்த போட்டா ஸ்லைடர் (இழுத்தா எண் மாறற பட்டை) வேணுமான்னு அதுவே கேக்கும், நகத்துனா வளைவும் கூடவே நகரும். ஆனா உடனே நகத்தி காட்டிடாதீங்க, நான் மொத தடவ அப்படித்தான் கெடுத்தேன், பசங்க "சூப்பர் மிஸ்"னு கைதட்டுனாங்க, பரீட்சையில திரும்ப இடது பக்கமே வரைஞ்சு வச்சாங்க. எந்தப் பக்கம் போகும்னு மொதல்ல நோட்ல எழுத வைங்க, அப்புறம் நகத்துங்க, தப்பா எழுதுனவன் முழிப்பான் பாருங்க, அப்ப கேளுங்க, அடைப்புக்குள்ள இருக்கறது எப்ப பூஜ்யம் ஆகும்? எக்ஸ் 3 ஆகும்போது. அப்ப வளைவோட அடி எங்க இருக்கும்? நகருதுங்கறத மட்டும்தான் சாப்ட்வேர் காட்டும், ஏன் நகருதுங்கறது நம்ம வேல.

அடுத்தது ஜியோஜீப்ரா, புள்ளி, கோடு, வட்டமெல்லாம் வரைஞ்சு இழுத்துப் பாக்கற சாப்ட்வேர். 2000க்கு அப்புறம் ஆஸ்திரியாவுல மார்கஸ் ஹோஹன்வார்ட்டர்ங்கறவரு முதுகலை ஆய்வுக்காக ஆரம்பிச்சது, க்ளாஸ்ல ஓசியாவே யூஸ் பண்ணலாம். டீச்சருங்க எல்லாரும் ஆளுக்கொரு சதுரம் வரைங்க, ஒழுங்கு பலகோணம் பட்டன் மட்டும் தொடக்கூடாது. வரைஞ்சதும் லேப்டாப்ப பக்கத்து ஆளுகிட்ட குடுத்து ஒரு மூலைய புடிச்சு இழுக்க சொல்லுங்க. கண்ணளவுல நாலு புள்ளி வச்சவங்க சதுரம் கோணல்மாணலா போயிடும். ஒரு கோடு போட்டு, ஓரத்துல செங்குத்து எழுப்பி, அதே நீளத்த ஆரமா வச்சு வட்டம் போட்டு வெட்டுப்புள்ளி எடுத்தவங்க சதுரம் பெருசாகும், சுத்தும், ஆனா சதுரமாவே நிக்கும். எங்கள்ல ரொம்ப சீனியரு ஒருத்தர் "இத்தன வருஷமா சதுரத்த நான் படமாத்தான் நடத்திருக்கேன் போலயே"ன்னாரு. அந்த ஒரு மணி நேரம் நான் போன எல்லா ட்ரெய்னிங்கையும் தூக்கி சாப்பிட்டுச்சு.

கருவி எங்க காலை வாரும்னும் சேத்தே கத்துக்கணும், இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. எக்ஸல்ல =-3^2 அடிங்க, 9 வரும். அதையே டெஸ்மோஸ்ல அடிங்க, -9. கணக்கு வழக்கப்படி அடுக்கத்தான் மொதல்ல பாக்கணும், அதனால -9 சரி, எக்ஸல் மைனஸ மொதல்ல எடுத்துக்குது. ஜியோஜீப்ராவுலயும் ஒண்ணு இருக்கு, முக்கோணத்தோட கோணம் 50.01, 60.01, 69.99னு காட்டும், கூட்டுனா 180.01, ஒருத்தன் எந்திரிச்சு "180ன்னு சொன்னீங்களே"ம்பான். அது தசமத்த ரெண்டு எடத்தோட முழுசாக்கறதால வர்றதுன்னு தெரியலன்னா அன்னிக்கு நாம தொலஞ்சோம். தெரிஞ்சா முழுசாக்கறதப் பத்தி அருமையான பாடம் அது.

அப்புறம் ஜப்பான் டீச்சருங்க ரொம்ப காலமா பண்ற பாட ஆய்வு முறைய புடிச்சுக்கோங்க. எல்லாரும் சேந்து ஒரே ஒரு பாடத்துக்கு ப்ளான் போடணும், ஒருத்தர் நடத்தணும், மத்தவங்க பின்னாடி உக்காந்து டீச்சர இல்ல பசங்கள பாக்கணும். யாரு என்ன எழுதுனான், எந்த எடத்துல அழிச்சான், யாரு ஸ்லைடர சும்மா வெளையாட்டுக்கு ஆட்டுனான். சாயங்காலம் அத வச்சு பேசி மாத்தி, அடுத்த செக்‌ஷன்ல இன்னொருத்தர் நடத்தணும். "நல்லா நடத்துனீங்க"ன்னு பேச ஆரம்பிச்சீங்கன்னா மீட்டிங் முடிஞ்சுது, அதனால பசங்க நோட்ட கையில வச்சுக்கிட்டே பேசுங்க. மாசத்துக்கு ஒரு பாடம் போதும், அதுக்கு மேல ஆசப்படாதீங்க.

லேப் இல்லன்னு இத தள்ளிப் போடாதீங்க, ஒரு லேப்டாப் இருந்தாலே நடக்கும், ஒரு பையன கூப்பிட்டு இழுக்க சொல்லி மத்தவங்கள முன்கூட்டியே சொல்ல வைங்க. ஜியோஜீப்ராவ இன்ஸ்டால் பண்ணி வச்சா நெட் வேணாம். கரண்ட் போறதுக்கும் ரெடியா ஸ்லைடர் 0, 3, 5ல இருக்கற மாதிரி மூணு படம் ப்ரிண்ட் எடுத்து பையில வச்சிருங்க, எனக்கு அது ரெண்டு தடவ கைகுடுத்திருக்கு.