கம்யூனிட்டி காலேஜில் லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போகிறீர்களா? கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஏ லெவல் முடிவு வந்த மறுவாரம் அண்ணன் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "அத்தை, கலிஃபோர்னியாவுல கம்யூனிட்டி காலேஜ்ல லிபரல் ஆர்ட்ஸ் படிக்கலாம்னு இருக்கேன், அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள். அவள் அப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் நீ என்ன படிக்கப் போகிறாய் என்று நம் இருவருக்கும் தெளிவாகட்டும் என்று சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். நானும் அதே வழியில் போய் வந்தவள்தான். இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய கம்யூனிட்டி காலேஜ் படிப்பை இரண்டரை ஆண்டில் முடித்தேன், அந்த அரை ஆண்டு ஏன் போனது என்று கீழே சொல்கிறேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கம்யூனிட்டி என்றதும் என் அம்மா நம் சமூக மன்றத்தில் நடக்கும் வகுப்பு என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை. அமெரிக்காவில் இது பொதுப் பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி, இலினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் முதல் கல்லூரி தொடங்கியது, இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. நான்காண்டு இளங்கலைப் படிப்பின் முதல் பாதியை இங்கே படித்துவிட்டு மீதியைப் பல்கலைக்கழகத்தில் போய் முடிக்கலாம், கையில் கிடைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

அடுத்தது லிபரல் ஆர்ட்ஸ் என்ற சொல். நம் தொடக்கக் கல்லூரியில் கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என்று பிரித்துப் பழகியதால், "அறிவியல் கிடைக்கவில்லையா, ஏன் கலைப் பக்கம் போகிறாய்" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். லிபரல் ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ் என்பதில் கணிதம், உயிரியல், வேதியியல், இயற்பியல், வரலாறு, தத்துவம், உளவியல், பொருளியல் எல்லாமே அடக்கம். எழுதவும் கணக்குப் போடவும் ஆய்வுக்கூடத்தில் கை வைக்கவும் ஒரே மாணவர் கற்க வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம். பதினெட்டு வயதில் இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கம்யூனிட்டி காலேஜ் இரண்டாண்டு முடிவில் தரும் அசோசியேட் பட்டத்தின் பெயரைப் பாருங்கள், அதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏ.ஏ. என்றால் கலைப் பாடங்கள் கூடுதலாக இருக்கும், ஏ.எஸ். என்றால் அறிவியலும் கணிதமும் கூடுதலாக இருக்கும், இரண்டும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானவை. ஏ.ஏ.எஸ். என்று இன்னொரு எஸ் சேர்ந்தால் அது நேரே வேலைக்குப் போவதற்கான தொழிற்படிப்பு, அதன் பாடங்களில் பலவற்றைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளாது. வழக்கமாக இவை 60 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட்), அதாவது செமஸ்டருக்கு 15 வீதம் நான்கு செமஸ்டர்.

இப்போது முக்கியமானது. கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாடங்களை எடுத்துவிட்டு, கடைசியில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று யோசிக்காதீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். போக விரும்பும் மூன்று பல்கலைக்கழகங்கள், படிக்க நினைக்கும் ஒன்றிரண்டு துறைகள், இவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு அவை என்ன கேட்கின்றன என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் கல்லூரியைத் தேடுங்கள். துறை பிறகு மாறலாம், பரவாயில்லை. மாறும்போது எந்தப் பாடம் வீணாகிறது, எது நிற்கிறது என்று சொல்ல உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அரை ஆண்டு போனது இந்தத் தாள் இல்லாததால். முதல் செமஸ்டரில் கணிதப் பாடம் ஒன்று வேண்டும் என்றதும், லிபரல் ஆர்ட்ஸ் மாணவர்களுக்கான கணிதம் என்ற பாடத்தைக் கல்லூரியின் ஆலோசகர் பதிந்து கொடுத்தார். நல்ல பாடம், நல்ல ஆசிரியர், ஏ கிரேடும் வாங்கினேன். ஆனால் நான் போக நினைத்த பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை புள்ளியியல் கேட்டது. அது தெரிந்தபோது அடுத்த செமஸ்டருக்கான புள்ளியியல் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது, அது முடிந்தால்தான் ஆராய்ச்சி முறைப் பாடத்தில் சேர முடியும், ஆக ஒன்றின் பின் ஒன்றாகத் தள்ளிப்போனது. அந்த அரை ஆண்டுக்கான வாடகையையும் கட்டணத்தையும் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினார், அதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் அண்ணன் மகளுடன் முதலில் திறந்தது அசிஸ்ட் தளத்தைத்தான். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் எதற்கு ஈடு என்று காட்டும் அதிகாரபூர்வத் தளம் அது. கல்லூரியின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், துறை என்று கொடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு பக்கம் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். வலது பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்று வந்தால் நின்று பாருங்கள், ஏனென்றால் அந்தக் கல்லூரியில் எவ்வளவு படித்தாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா வளாகங்கள் மூன்றுக்கும் உளவியல் பக்கங்களை அச்செடுத்தோம். மூன்றிலும் வரும் பாடத்துக்குப் பச்சை மை, இரண்டில் வருவதற்கு நீலம், ஒன்றில் மட்டும் வருவதற்குச் சிவப்பு. பச்சைப் பாடங்கள் முதலாண்டுக்கு, சிவப்பு கடைசி செமஸ்டருக்கு. அரை மணி நேர வேலைதான், ஆனால் அது முடிந்ததும் பிள்ளையின் முகமே மாறிவிட்டது.

துறைப் பாடம் போக, எல்லோருக்கும் பொதுவான பாடத் தொகுப்பு ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அதன் பெயர் கால்-கெட்சி. மொத்தம் 11 பாடம், 34 யூனிட்: ஆங்கிலக் கட்டுரை, தர்க்கச் சிந்தனை, மேடைப் பேச்சு, கணிதம், கலை, இலக்கியம், தத்துவம் போன்றவற்றில் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, இயற்பியல், வேதியியல் போன்ற அறிவியல் ஒன்று, உயிரியல் ஒன்று, இரண்டில் ஒன்றுக்கு ஆய்வுக்கூடம், அப்புறம் எத்னிக் ஸ்டடீஸ் என்று அங்கே சொல்லும் இனக்குழு ஆய்வு. ஆய்வுக்கூடப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், அந்த வகுப்புகள்தான் சீக்கிரம் நிரம்பும்.

நம் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: ஓ லெவல் தமிழ்ச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள். பல பல்கலைக்கழகங்களும் துறைகளும் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி கேட்கும். அதைக் காட்டி, "இது போதுமா?" என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். போதும் என்று பதில் வந்தால், அங்கே போய் ஸ்பானிஷ் படிக்கச் செலவாகும் நேரத்தில் உங்களுக்குப் பிடித்த வேறு பாடம் படிக்கலாம். பத்து ஆண்டு வீட்டிலும் பள்ளியிலும் படித்த மொழி வீணாகவில்லை என்று தெரியும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

கலிஃபோர்னியாவின் இன்னொரு வசதி டேக் என்னும் சேர்க்கை உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யுசி வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம், சொன்ன பாடங்களையும் கிரேடையும் எட்டினால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் சேராது, ஆறு வளாகங்களிலும் சில துறைகள் சேராது. யுசியின் பொது விண்ணப்பம் தனி, அது நவம்பர் இறுதியை ஒட்டி மூடும், டேக் போட்டவர்களும் இதைப் போட்டே ஆக வேண்டும். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்குக் குறைந்தது 2.8 ஜிபிஏ வேண்டும், அது வாசல் மட்டுமே, நல்ல துறைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். சியாட்டில் பக்கம் போக நினைப்பவர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் டிடிஏ (நேரடி மாற்று ஒப்பந்தம்) ஏ.ஏ. பட்டத்தைத் தேடுங்கள், அதை முடித்தால் அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களின் பொதுப் பாடங்கள் பெரும்பாலும் முடிந்த மாதிரி. அங்கே காலாண்டுக் கணக்கு, 60க்குப் பதில் 90 என்று இருக்கும், பயப்பட வேண்டாம்.

முதல் செமஸ்டரில் என்ன எடுப்பது? எஃப்-1 மாணவர் விசாவுக்குக் குறைந்தது 12 யூனிட், முழுக்க இணையத்தில் நடக்கும் வகுப்பு அந்தக் கணக்கில் ஒன்றுக்கு மேல் சேராது. நான் சொல்வது: ஆங்கிலக் கட்டுரை, துறைக்கு ஏற்ற கணிதம், துறையின் அறிமுகப் பாடம், இதுவரை தொட்டே பார்க்காத ஒரு பாடம். அந்த நான்காவதை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது புவியியல், இன்றும் மழை பெய்தால் மேகத்தை அண்ணாந்து பார்க்கிறேன். இன்னொன்று, இங்கே மாதிரி ஆண்டு முடிவில் ஒரு பெரிய தேர்வு வைத்து எல்லாம் தீர்வதில்லை. வாராவாரம் வீட்டுப்பாடம், சின்னத் தேர்வு, வகுப்பில் பேசுவது எல்லாம் கிரேடில் சேரும், முதல் மாதம் அசந்தால் பிறகு எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஒரு பாடத்தை விட்டுவிட நினைத்தால், 12க்குக் கீழே போகுமா என்று பார்த்து, முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் விட்டால் விசா நிலையே போய்விடும்.

பணத்தைப் பற்றி வீட்டில் மறைக்காமல் பேசுங்கள். கலிஃபோர்னியாவில் உள்ளூர்வாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்று பார்த்துவிட்டு மலிவு என்று மகிழாதீர்கள், வெளிநாட்டவர் அதற்கு மேல் பல மடங்கு கட்ட வேண்டும். யுசிக்கு மாறிய பிறகு வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கட்டும் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல். ஆகவே இரண்டாண்டுக் கணக்கு போடாதீர்கள், நான்காண்டுக் கணக்கு போடுங்கள், வாடகையும் மருத்துவக் காப்பீடும் சேர்த்து. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதி கிடையாது. அம்மா அப்பாவின் மத்திய சேம நிதியைக் கல்விக்கு எடுக்கும் திட்டம் இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளுக்குத்தான், இதற்கு உதவாது. படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. கல்லூரி விசாவுக்கான ஐ-20 படிவம் அனுப்பியதும் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்டிவிட்டுத்தான் நேப்பியர் சாலை அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா நேர்காணலுக்குப் போக வேண்டும்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய சேவை முடிக்காதவர்கள் மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். முடித்துவிட்டுப் போவதே நல்லது, நடுவில் படிப்பை விட்டு வரும் தலைவலி இருக்காது. பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளமா கையில் இருப்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள், நேரே பல்கலைக்கழகத்திடமே கிரெடிட் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் கம்யூனிட்டி காலேஜ் தேவையே இல்லை.

கடைசியாக, படிக்கும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முதல் வகுப்பன்றே சேமித்து வையுங்கள். மாநிலம் தாண்டியோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ மாறினால் அசிஸ்ட் தளத்தின் பட்டியல் துணைக்கு வராது, என்ன படித்தீர்கள், எத்தனை வாரம், எந்தப் பாடநூல் என்று கேட்பார்கள். அண்ணன் மகள் இப்போதே ஒரு ஃபோல்டர் திறந்து வைத்துவிட்டாள், அதன் முதல் கோப்பு பச்சை, நீல, சிவப்பு மையில் எழுதிய அந்தத் தாளின் படம். அதைத்தான் அண்ணனிடம் காட்டினோம். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, சிவப்பில் இருந்த ஒரு பாடத்தைத் தொட்டு, "இது ஏன் கடைசியில இருக்கு?" என்று மகளிடம் கேட்டார், அவளே விளக்கிச் சொன்னாள்.