மகளிர் சேவைச் சங்கத்துக்கு இளம் பெண்களை அழைத்து வருவது எப்படி?

உறுப்பினர் எல்லாருக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, புதிதாக யாரும் வருவதில்லை என்று கவலைப்படும் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சங்கமும் அந்த நிலையில் இருந்து மீண்டு வந்ததுதான். பதிவு, தணிக்கை, தேர்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

"இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சேவை மனப்பான்மை கிடையாது" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். 1901-ல் நியூயார்க்கில் ஜூனியர் லீக் என்ற பெண்கள் சேவை அமைப்பைத் தொடங்கியபோது மேரி ஹாரிமனுக்கு வயது 19. புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வேலை செய்யத் தன் தோழிகளைத் திரட்டினார். அவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியான எலினோர் ரூஸ்வெல்ட். அங்கிருந்த குழந்தைகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்றுக்கொடுத்தார். அந்த வயதில் அவர்களுக்குக் கையில் வேலை இருந்தது, முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது. நாம் கொடுக்க வேண்டியதும் அதைத்தான்.

படி 1: உறுப்பினராகச் சேரச் சொல்லாதீர்கள், ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள்

"எங்கள் சங்கத்தில் சேருங்கள்" என்று கேட்டால் "பார்க்கலாம் ஆன்ட்டி" என்பதோடு முடிந்துவிடும். "சனிக்கிழமை ரத்ததான முகாம், பதிவு மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று கேளுங்கள். நாள், நேரம், வேலை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு அறிவிப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, தெரிந்த ஒரு பெண்ணை நேரில் கேட்பது மேல்.

படி 2: கூட்ட நேரத்தை மாற்றுங்கள்

வார நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? மாலையோ வார இறுதியோ வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு கூட்டத்தை இணையவழியில் நடத்தலாம்.

படி 3: பொறுப்போடு அதிகாரத்தையும் கொடுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

புதிதாக வந்த பெண்ணிடம் "நீதான் கம்ப்யூட்டர் தெரிந்தவள், போஸ்டர் செய்து கொடு" என்போம். அவளும் ராத்திரி உட்கார்ந்து அழகாகச் செய்து அனுப்புவாள். அப்புறம் ஆரம்பிக்கும். ஒருவர் தலைவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்வார். இன்னொருவர் முன்னாள் தலைவர்கள் பெயரையும் வரிசைப்படி சேர்க்கச் சொல்வார். நிறத்தை மாற்றச் சொல்ல வேறொருவர். கடைசியில் முகாம் எங்கே, எப்போது என்பது ஒரு மூலையில் பொடி எழுத்தில் நிற்கும். அவள் எதுவும் சொல்ல மாட்டாள். அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டாள், அவ்வளவுதான்.

அதனால் ஒரு முழு வேலையை அவளிடம் ஒப்படையுங்கள். இவ்வளவு ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம், போஸ்டரில் கடைசி முடிவு அவளுடையது, சந்தேகம் வந்தால் கேட்க இந்த ஒரு மூத்த உறுப்பினர் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்தில் இருந்தால்தான் பத்துப் பேர் குறுக்கே வரும்போது செயலாளரால் "அது அவள் பொறுப்பு" என்று சொல்ல முடியும்.

முகாம் முடிந்த மறுநாளே அவளுக்குப் போன் செய்யுங்கள். நன்றியோடு நிறுத்தாமல், "அடுத்த தடவை எதை மாற்றலாம்?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது நிறைவேற்றிக் காட்டுங்கள்.

படி 4: சந்தா

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கேட்காமல் தவணையில் வாங்குங்கள். மாணவிகளுக்குப் பாதி போதும்.

கருவிகள்

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும், அதில் நிர்வாகிகள்தான் பதிவிட வேண்டும். காலை வணக்கப் படங்கள் இன்னொன்றில் இருக்கட்டும். இரண்டும் ஒரே குழுவில் கலந்தால் முக்கியமான செய்தி புதைந்துபோகும். பெயர்ப் பட்டியலுக்குக் கூகுள் ஷீட் போதும், தனிச் செயலி எதுவும் தேவையில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"இளம் பெண்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கலாமா?" தொடங்கலாம். சோன்டா என்ற சர்வதேச மகளிர் சேவை அமைப்புக்குக் கல்லூரிகளில் கோல்டன் இசட் கிளப்புகள் உண்டு. ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் 1968-லிருந்து இருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் என்பதை முன்பே யோசித்து வையுங்கள். ரோட்டராக்டில் இருந்த 30 வயது வரம்பை 2020-ல் நீக்கிவிட்டார்கள். எனக்குக் கேட்டால், தனிப் பிரிவைவிட நிர்வாகக் குழுவிலேயே அவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்குவது நல்லது.

"கைக்குழந்தை இருப்பவர்கள் வரத் தயங்குகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மிகச் சரி, நான் இதை மேலேயே சேர்த்திருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு அறையைக் குழந்தைகளுக்கு ஒதுக்கி, மூத்த உறுப்பினர்கள் இருவர் இருவராக முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அழைப்பிலேயே "குழந்தைகளையும் கூட்டி வாருங்கள்" என்று போட்டுவிடுங்கள். போடாவிட்டால் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.