கடல் காற்றுச் செய்தியை மலையில் இருந்து கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

வானொலியில் வானிலை அறிக்கை போகும்போது, பாதியிலேயே எங்கள் வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். மத்திய, ஊவா, சப்ரகமுவ என்று மாகாணங்களைச் சொல்லி முடித்ததும், "புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்புகளில்..." என்று ஆரம்பிக்கும். "அது மீன் பிடிக்கப் போறவங்களுக்கு" என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். முதல் தவறு அதுதான்.

நம் மலையில் கொட்டும் மழையில் பெரும்பகுதி கடலில் புறப்பட்டு வருவது. சூடான கடலின் மேல் வரும் காற்று நீராவியை அள்ளிக்கொண்டு வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கடற்பரப்பில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது படகுக்காரருக்கு எவ்வளவு முக்கியமோ, லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு வைத்திருக்கிறவருக்கும் அவ்வளவு முக்கியம்.

சரி, கேட்கிறோம். கேட்டாலும் திசையில் தடுமாறுகிறோம். "தென்மேற்குத் திசையில் காற்று" என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, தென்மேற்கை நோக்கிப் போகும் காற்று அல்ல. கைபேசியில் விண்டி (Windy) என்ற காற்று வரைபடச் செயலியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் அதிகம். அதில் ஓடும் கோடுகள் காற்று போகும் பக்கமாக ஓடும், அறிக்கை சொல்வது காற்று வரும் பக்கத்தை. இது தலைகீழானால் உங்கள் மலை நனைகிற பக்கமா, காய்கிற பக்கமா என்பதும் தலைகீழாகிவிடும்.

நாங்கள் அட்டன் பக்கம். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது பண்டாரவளையில். ஜூன் மாதம் போன் எடுத்தால், இங்கே துணி நாலு நாளாக அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கும், மலைக்குப் போய்வந்தவர்கள் காலில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே அவள், வாசலில் புழுதி பறக்கிறது, கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கிறது என்பாள். இரண்டும் ஒரே காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியாச் சரிவுகளில் நீரை இறக்கிவிட்டு, மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. வட்டவளைக்கு ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைப்பது இதனால்தான். டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வரும்போது பதுளை, பசறைப் பக்கம் நனைகிறது. ஆகவே "மலைநாட்டில் மழை" என்ற ஒற்றை வரியை நம்பி இருப்பது பிழை. உங்கள் சரிவு எந்தக் கடலைப் பார்த்து நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, "தாழமுக்கம் வங்கக் கடலில்தானே, நாம் மேற்குப் பக்கம், பயமில்லை" என்று இருந்துவிடுவது அதைவிட ஆபத்தான தவறு. நம் பக்கத்துக் கடலில் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்வது. அது நமக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் நிற்கும்போது, தென்மேற்குக் கடலின் ஈரக்காற்றைத் தீவுக்குக் குறுக்கே இழுக்கும். 2003 மே மாதம் சூறாவளி வங்கக் கடலில் நமக்கு வெகு தூரத்தில் இருந்தது, இரத்தினபுரியும் மாத்தறையும் மூழ்கின. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை இறங்கியபோதும் மழையைக் கொண்டுவந்தது வங்கக் கடலில் இருந்த தாழமுக்கம்தான். அது பின்னால் ரோனு சூறாவளியாகி பங்களாதேஷ் வரை போனது.

காற்றின் வேகத்தை வைத்து ஆபத்தை அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தமிழ்நாட்டுச் சனல்கள் ஓடுகின்றன. அவர்கள் "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்", "புயல்" என்பதை நாம் தாழமுக்கம், சூறாவளி என்கிறோம். காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் அது புயல், 89ஐத் தொட்டால்தான் கடும்புயல். இந்தப் படிகள் காற்றுக்குப் போட்டவை, மழைக்கு அல்ல. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா கடும்புயல் என்ற நிலையை எட்டவே இல்லை. ஆனால் தீவின் மேலேயே மெதுவாக நகர்ந்து மலைகளில் நீரைக் கொட்டியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு குடும்பம் குடும்பமாக மூடிப்போட்டது. "சின்னப் புயல்தானாம்" என்ற வார்த்தையை அதற்குப் பிறகு என்னால் கேட்க முடியவில்லை. வேகத்தோடு சேர்த்து, அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்றும் பாருங்கள். அப்புறம், "சென்னையை நோக்கி நகர்கிறது" என்றாலும், அது நம்மைத் தொட்டுக்கொண்டு அங்கே போகலாம்.

காற்றே இல்லை என்றால் நிம்மதி என்பதும் சரியில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் இடைக்காலத்தில், கடற்காற்றுகள் இரு பக்கமும் உள்ளே வந்து மலைமேல் முட்டி, பின்னேரம் இடியோடு கொட்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29, அப்படியான ஒரு இடைக்காலத்தில்தான்.

சின்னப் பிழைகள் இரண்டு. கடற்காற்றின் வேகத்தைச் சொல்லும் "நொட்" (knot) என்ற அளவைக் கிலோமீற்றர் என்று வாசிக்காதீர்கள். 40 நொட் என்பது மணிக்கு 74 கிலோமீற்றர். விண்டியில் தரைமட்டக் காற்றை மட்டும் பார்ப்பதும் போதாது. அட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கின்றன, உயரத்தை 1,500 மீற்றருக்கு மாற்றிப் பார்த்தால்தான் மலையில் மோதும் காற்று தெரியும். அப்போதும் உங்கள் பள்ளத்தாக்கு அந்தக் கணிப்புக்குத் தெரியாது. நல்ல கணிப்புகள்கூட உலகத்தைப் பல கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகத்தான் பார்க்கின்றன.

அதனால் வாசலில் அளவுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு தகரப் பேணியைக் கூரைத் தண்ணீர் விழாத வெட்டவெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தை இறக்கிப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சள் மட்டம், 100 செம்மஞ்சள், 150 சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். விடியும் வரை காத்திருக்காமல், இரவிலும் ஒரு தடவை டோர்ச்சோடு போய்ப் பாருங்கள். மழை விட்டதும் திரும்பிப் போய்ப் படுத்துவிடாதீர்கள், ஊறிய மண் வெயில் வந்த பிறகும் இறங்கும். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, அல்லது ஓடிக்கொண்டிருந்த கான் சட்டென்று வற்றுவது, இதில் எதைக் கண்டாலும் பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.