வழியில் நிற்கும் பைக்குக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரோட்டோரம் ஒரு பைக் நின்றால், நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது தூரப் பயணம் போகிறவர்களிடம் பல காலமாக இருக்கும் பழக்கம். எந்த ஊர், எந்த வண்டி என்று பார்ப்பதில்லை. புதிதாக ரைடு வர ஆரம்பித்த பிள்ளைகளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளையும் செய்கிறார்கள். இண்டிகேட்டர் போடு, பார்த்து நிறுத்து என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வண்டி நின்ற இடத்திலேயே வேலையை ஆரம்பிப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

விக்கிரவாண்டி டோலைத் தாண்டி ஓர் இரவு. பின் டயர் பஞ்சரான ஒரு புல்லட். உதவிக்கு இன்னும் மூன்று பைக்குகள், வரிசையாக வெள்ளைக் கோட்டின் மேலேயே. ஒரு பையன் பின்சக்கரத்துக்கு நேரே குந்தி, ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்துக்கொண்டிருக்கிறான். எரிந்துகொண்டிருந்த டெயில் லைட்டை அவன் முதுகே மறைத்துவிட்டது. சுற்றி நின்ற நான்கு பேரும் செல்போன் டார்ச்சை அடித்தது டயர் மேல். பின்னால் வரும் வண்டியை நோக்கி ஒரு வெளிச்சம்கூட இல்லை. போட்டிருந்த ஜாக்கெட் எல்லாம் கறுப்பு.

"தம்பி, முதலில் வண்டியைக் கீழே இறக்குங்க" என்றேன்.

"காத்து சுத்தமா இல்லண்ணா, தள்ளினா ரிம் போயிடும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் ஆம்னி பஸ் ஹாரனை அழுத்தியபடி ஒதுங்கிப் போனது. அந்தக் காற்றில் புல்லட் ஸ்டாண்டிலேயே ஆடியது. அதற்குப் பிறகுதான் தள்ளினார்கள்.

ரிம் போய்விடும் என்ற இந்தப் பேச்சை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! காற்றில்லாத டயரில் ஏறி உட்கார்ந்து ஓட்டினால்தான் ரிம் அடிவாங்கும். ஆள் ஏறாமல் மெதுவாக நகர்த்தினால் நாற்பது ஐம்பது அடியில் ஒன்றும் ஆகாது. கிளாசிக் 350 மாதிரி 195 கிலோ வண்டியைத் தள்ள முடியவில்லையா? இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் பாதி கிளட்ச் விட்டு, இடப்பக்கமாகக் கூடவே நடந்து போங்கள், அதுவாக நகரும். அப்படியே ரிம் நெளிந்தாலும் நெளியட்டுமே. கடையில் காசு கொடுத்தால் வேறு ரிம் கிடைக்கும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் நம்மைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தாலும் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்கு அப்புறம். ஆகவே உதவ நிற்பவர்களில் ஒருவர் நூறு மீட்டர் பின்னால் போயே ஆக வேண்டும். முடிந்தால் இன்னும் தள்ளி, தாருக்கு வெளியே மண்ணில் நின்று டார்ச்சைத் தாழ்த்தி ஆட்டுங்கள். டிரைவர் கண்ணில் அடிக்காதீர்கள். சைக்கிளில் மாட்டும் சிவப்பு பிளிங்கர் ஒன்று பையில் இருந்தால் ரொம்ப நல்லது. மற்ற பைக்குகளும் ஆட்களும் ரோட்டை விட்டு இறங்கியே நிற்கட்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறை ஏற்றத்திலோ வண்டி நின்றால், வளைவில் வைத்து எதையும் தொடாதீர்கள். நேராக இருக்கும் துண்டுக்கு நகர்த்துங்கள். மேலேயும் கீழேயும் ஆளுக்கொருவர் நில்லுங்கள்.

பெட்ரோல் டியூபை உருவுவது

பெட்ரோல் தீர்ந்து நிற்பவருக்குக் கொடுக்க, நம் கார்புரேட்டர் வண்டியில் டியூபை உருவி பாட்டிலில் பிடித்தது ஒரு காலம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு விற்கும் வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பம்ப் அழுத்தத்தில் நிற்கும் லைன் அது, உருவினால் சூடான இன்ஜின் மேலேயே பீய்ச்சும். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போய் வாருங்கள்.

காலால் தள்ளி டோ செய்வது

ஹைவேயில் வேண்டவே வேண்டாம்.

தனியாக நிற்கும் பெண்ணிடம் கும்பலாகப் போவது

இருட்டில் ஹெல்மெட் போட்ட நான்கு பேர் நெருங்கினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, எட்ட நின்றே "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கிளம்பிவிடுங்கள். ஏன், எதற்கு என்று விசாரிக்காதீர்கள்.

விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றுவது

விழுந்தவரைச் சுற்றி ஆள் கூடியதும் ஹெல்மெட்டை இழுப்பது, உட்கார வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது மூன்றும் நடக்கும். கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பிலேயே கை கால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். வைசரைத் தூக்கிவிடுங்கள், பேச்சுக் கொடுங்கள், தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு வரவில்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்றலாம். அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் பக்கங்களை விரித்து மெதுவாக எடுக்க வேண்டும்.

ஓடும் செயினில் விரல் வைப்பது

இன்ஜினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

போலீஸ் கேஸ் என்று பயந்து நழுவுவது

அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாதபடி 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டுவிட்டது. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-ஐ அழைக்கும்போது பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், எந்தப் பக்க ரோடு என்பதையும் சொல்லுங்கள். வண்டி பழுது மட்டும் என்றால் தேசிய நெடுஞ்சாலையில் 1033. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது.