பொறுமை வேண்டும், ஆட்கள் வேண்டாம்: ஆவிக்குரிய குணங்களை வளர்ப்பதில் நடக்கும் தவறுகள்

ஆவியின் கனிகளைப் பட்டியலிடும் கலாத்தியர் 5:22-23 சுவரில் தொங்காத கிறிஸ்தவ வீடுகள் நம் பக்கம் குறைவு. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். காலண்டரிலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைகிற பழப் படங்களிலும் இந்த ஒன்பதும் இருக்கும். ஆனால் அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தையும் 26ஆம் வசனத்தையும் யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. முன்னதில், ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்று பவுல் எச்சரிக்கிறார். பின்னதில், ஒருவரையொருவர் கோபமூட்டாமலும் பொறாமை கொள்ளாமலும் இருப்போம் என்கிறார். சண்டை பற்றிய இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கு நடுவில்தான் அந்த அழகான பட்டியல் இருக்கிறது.

இதை மறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள் வளர்க்கிற சமாச்சாரமாக இந்தக் குணங்களை நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"இந்த மாமியார் மட்டும் இல்லாவிட்டால் எனக்குக் கோபமே வராது", "இந்த மேனேஜர் மாறிப் போனால் நான் நிம்மதியாக ஜெபிப்பேன்" என்று சொல்லாதவர்கள் உண்டா? இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஒருவர் 4ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். யோவான் காசியன் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் பயின்றவர். பிறகு பிரான்சின் மார்செய் நகரில் மடங்களை நிறுவியவர். பாலைவனத்தில் தனித்திருந்த நாட்களில் தனக்கு எதன்மேல் கோபம் வந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நாணல் பேனாவின் தடிமன் சரியில்லை என்று அதன்மேல். கத்தி மழுங்கியிருந்ததால் கத்தியின்மேல். வாசிக்க அவசரப்படும்போது தீப்பொறி உடனே வராததால் சிக்கிமுக்கிக் கல்லின்மேல். எரிச்சல் மூட்ட ஒரு ஆளும் இல்லை, ஆனாலும் கோபம் வந்துவிட்டது. மனிதரை விட்டு விலகுவதால் கோபம் போவதில்லை, வெளியே தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கண்டது.

அவருக்குச் சற்று முந்தியவர் செசரியாவின் ஆயர் பசில். துறவிகள் தனித்தனியாக வாழ்வது நல்லதா, கூடி வாழ்வது நல்லதா என்ற கேள்வி வந்தபோது அவர் திருப்பிக் கேட்டார்: தனியாக இருந்தால் நீ யாருடைய கால்களைக் கழுவுவாய்? இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை மனதில் வைத்துக் கேட்ட கேள்வி அது. தனியறை ஜெபம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இயேசுவே அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். ஆனால் அவர் திரும்பி வந்தது கூட்டத்துக்கு நடுவில்.

அடுத்த தவறு, பிறவிச் சுபாவத்தைக் குணம் என்று எண்ணிக்கொள்வது. சிலர் இயல்பிலேயே அதிகம் பேசமாட்டார்கள். சபையில் அவர்களுக்கு "சாந்தமான பிள்ளை" என்று பெயர். படபடவென்று பேசுகிறவருக்கு அந்தப் பட்டம் ஒருநாளும் கிடைக்காது. வேதம் இப்படி அளப்பதாகத் தெரியவில்லை. பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 யாரைச் சொல்கிறது? கற்பலகைகளை எறிந்து உடைத்த மோசேயை. அந்த வசனம் வருகிற இடத்தைப் பாருங்கள். கூடப்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவரைப் பற்றிக் குறை பேசுகிறார்கள். மோசே தன் பக்க நியாயத்தைச் சொல்லவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததும் அவளுக்காகத் தேவனிடம் கெஞ்சுகிறார். தனக்கு எதிராகப் பேசியவளுக்காக வாய் திறந்ததில்தான் அவருடைய சாந்தம் தெரிகிறது. அதே மோசே பிற்பாடு கன்மலையை இருதரம் அடித்து, தேவனுடைய கண்டிப்புக்கும் ஆளானார். ஒருமுறை வந்துவிட்ட குணம் இனி போகாது என்ற நிச்சயம் அவருக்கே இருக்கவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு இருக்கிறது. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பொறுமையை நாம் பயில்வதற்குப் பதில் மற்றவர்களுக்குப் போதிப்பது. அதுவும் பெரும்பாலும் அடிபடுகிறவர்களுக்கு. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் சொல்ல வந்தால், "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று அனுப்பிவைக்கிற பழக்கம் இன்றும் பல சபைகளில் இருக்கிறது. பிரதான ஆசாரியராயிருந்த அன்னாவின் முன்னால் விசாரணைக்கு நின்றபோது ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் பேசாமல் நிற்கவில்லை. தகாததைப் பேசியிருந்தால் எது என்று காட்டு. தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், பிறகு இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் பவுல். இருவரும் பதிலுக்கு அடிக்கவில்லை. நடந்தது அநியாயம் என்று சொல்லத் தயங்கவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடமும் கூட வர ஆளும். பொறுமையைப் பற்றிய பிரசங்கம் அடிக்கிறவனுக்குப் போகட்டும்.

தாழ்மை விஷயத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "நான் ஒன்றுக்கும் உதவாத பாத்திரம்" என்று சாட்சி சொல்லும்போது தாராளமாக வருகிறது. அதையே பக்கத்தில் இருப்பவர் சொன்னால் முகம் சுருங்குகிறது. கொலோசெயர் 2:23இல் பவுல் சொல்கிற மாயமான தாழ்மையை அடையாளம் காண வேறு பரிசோதனை தேவையில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் அதிகம் நடப்பது, உடலை வருத்துவதையே வளர்ச்சி என்று நம்புவது. கறி மீன் விடுவதும் உபவாசம் இருப்பதும் நல்ல பயிற்சிகள்தான். ஆனால் சாப்பிடாமல் இருந்து, அந்த எரிச்சலை வீட்டு வேலைக்கு வருகிற பெண்மேல் கொட்டினால் என்ன பயன்? ஏசாயா 58 முழுக்க இந்தக் கேள்விதான். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். பழைய பாவங்களைச் சரியாக அறிக்கை செய்தோமா என்ற சந்தேகம் அவரை விடாமல் அரித்தது. அது தீரட்டும் என்று ஒரு வாரம் முழுக்க எதுவும் உண்ணாமல் இருந்தார். சாப்பிடு என்று கட்டளையிட்டது அவருடைய குருவானவர். பிற்பாடு, ஆத்துமாக்களுக்கு உதவத் தொடங்கியபின், அந்தக் கடுமைகளை அவரே விட்டுவிட்டார்.

என் முயற்சியால் எல்லாம் முடியும் என்பதும், ஆவியானவர் செய்வார், நான் சும்மா இருக்கிறேன் என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள் என்று எனக்குத் தோன்றும். முதலாமவர் ஜெபிக்கச் சோம்புகிறார், இரண்டாமவர் முயலச் சோம்புகிறார். நாம் பிரயாசப்பட வேண்டும், ஏனென்றால் நமக்குள் செய்கிறவர் தேவன் என்று பிலிப்பியர் 2:12-13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

கடைசியாக, எல்லாக் குணங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்ப்பது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற தீர்மானங்கள் பொங்கலுக்கு முன்னால் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இஞ்ஞாசியார் பிற்காலத்தில் சொல்லிக்கொடுத்த முறை இதைவிட எளிது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்ளுங்கள். மதியமும் இரவும் அதில் எத்தனை முறை விழுந்தோம் என்று பார்த்து, ஒரு கோட்டில் அத்தனை புள்ளி வையுங்கள். இன்றைய கோட்டை நேற்றையதோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடுங்கள். எந்தக் குறை என்று தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்கள். கேட்டபின் விளக்கம் கொடுக்காமல், சரி என்று சொல்லிவிட்டு நகர முடிந்தால் அன்றைக்கு ஒரு புள்ளி குறையும்.