நாலு பேர் குழுவில் நாலு பேரும் வேலை செய்ய

வகுப்பில் தரவுத்தள வடிவமைப்பைக் குழுவேலையாகக் கொடுத்தால் ஒருவர் மடிக்கணினியைப் பிடிப்பார், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குச் சரிவந்த வழி: முதல் 40 நிமிடம் மடிக்கணினியே இல்லை. அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைப் பற்றுச்சீட்டு ஒன்று, பெரிய தாள், பென்சில். சீட்டின் விவரங்களை எந்தெந்த அட்டவணையில் வைப்பது என்று தாளில் படமாக வரைய வேண்டும்.

வரைந்ததும் படத்தைப் பக்கத்துக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிழை பிடிப்பது அவர்கள் வேலை. ஒரே சீட்டில் சம்பா, நாடு என்று இரண்டு நெல்வகை வந்தால் எங்கே எழுதுவது? சீட்டுக்கும் நெல்வகைக்கும் நடுவே மூன்றாவது அட்டவணை அப்போதுதான் பிறக்கும். தொலைபேசி இலக்கத்தை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொருவரையும் தனித்துக் காட்டும் அடையாளமாக, வைத்தவர்களை மடக்க, ஒரே இலக்கம் கொடுக்கும் வாப்பாவும் மகனும் போதும். விலையை நெல்வகை அட்டவணையில் மட்டும் வைத்தால், நாளை விலை மாறும்போது பழைய சீட்டின் தொகையும் பிழையாகிவிடும். வாங்கிய விலை நடு அட்டவணையின் வரியிலேயே இருக்கட்டும்.

பிறகே மடிக்கணினியில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள். விசைப்பலகையை 10 நிமிடத்துக்கு ஒருதடவை கைமாற்றுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை முணுமுணுக்கும், பரவாயில்லை.