இரவுப் பணி முடித்த கையில் தூரிகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் எங்கள் பொழுது மூன்று நிறங்களில் கழிகிறது. ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்குபவரைப் பார்த்த மாத்திரத்தில் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரித்தாக வேண்டும். சிவப்பு என்றால் அந்த நொடியே கை வைக்க வேண்டும், மஞ்சள் சற்றுப் பொறுக்கும், பச்சை காத்திருக்கும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த இரவுகளில் சிவப்புப் பகுதியில் நிற்க இடம் இருக்காது. மழை தொடங்கிவிட்டால் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் காடு கழனிகளிலிருந்து பாம்புக்கடி வந்துகொண்டே இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் செவிலியராக வேலை பார்க்கும் நான் ஆறு ஆண்டுகளாக நீர்வண்ணம் தீட்டுகிறேன். என்னைப் பார்த்து வண்ணப்பெட்டி வாங்கியவர்கள், கேமரா வாங்கியவர்கள் என்று எங்களில் பத்துப் பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்குத் திறமை போதாமல் இப்படி ஆகவில்லை. வார்டில் நம்மைக் காப்பாற்றும் பழக்கங்களை அப்படியே படத்துக்கும் கொண்டுபோனார்கள். நானும் அதைச் செய்துதான் கற்றேன் என்பதால், அடுத்து வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

குறை தேடும் கண்

எங்கள் கண் குறை தேடப் பழகிய கண். உதடு நீலம் பாரித்திருக்கிறதா, ஒரு கண்மணி மற்றதைவிட விரிந்திருக்கிறதா, மூச்சிழுக்கும்போது மார்பின் ஒரு பக்கம் ஏறாமல் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகியது. இதில் ஒன்றைத் தவறவிட்டால் உயிர் போய்விடும். ஆனால் அந்தக் கண் டூட்டி முடிந்த பிறகும் ஓய்வதில்லை. முதன்முதலில் எங்கள் கொல்லை மாமரத்தை வரைய உட்கார்ந்தபோது, காய்ந்த கிளை ஒன்றும் பட்டையில் வழிந்த பிசினும்தான் எனக்குத் தெரிந்தன. மரம் முழுக்கத் துளிர்விட்டு நின்றதை அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

துளிரைத் தீட்டலாம் என்று பெட்டியிலிருந்த சிவப்பில் தூரிகையைத் தோய்த்துத் தாளில் வைத்தேன். ரத்தம் போல இருந்தது. மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு துளிரைக் கிள்ளி வெள்ளைத் தட்டில் போட்டு, தூரிகையைத் தொடாமல் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநரம்பு வெளிறிய பச்சை. அதை ஒட்டிய பகுதி துலக்கிய செப்புக்குடத்தின் நிறம். ஓரத்துக்குப் போகப்போகக் கருஞ்சிவப்பு. தட்டை ஜன்னல் பக்கம் திருப்பினால் மேலே ஊதா மினுமினுப்பு. இலை காதுமடல் போலத் தொய்ந்து கிடந்தது. பெட்டியிலிருந்த சிவப்பு அதில் எந்த இடத்திலும் இல்லை. செங்காவியில் சிவப்பு சிறிது, நீலம் ஒரு பொட்டு சேர்த்தபோதுதான் கிட்டே வந்தது. சிவப்பு என்ற சொல்லுக்கு அத்தனை ஆண்டுகளாக எனக்கு ஒரே பொருள்தான் இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எதையும் சரிசெய்ய வேண்டாத பார்வை என்று ஒன்று இருக்கிறது. அது வரும்வரை பொறுத்திருப்பதுதான் இதில் கடினமான பயிற்சி. பொறுக்காதவர்கள் தாங்கள் வரைந்ததையே நோயாளியின் கேஸ் ஷீட் போல எடுத்து வைத்துக்கொண்டு கோடு சரியில்லை, நிழல் சரியில்லை என்று குறை எழுதத் தொடங்குகிறார்கள். பிறகு எப்படி மறுபடி உட்காரத் தோன்றும்?

2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். மன அழுத்தத்தோடு ஏறும் கார்டிசால் என்ற சுரப்பு ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்பதால் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் தர முடியாது. ஆனாலும் ‘எனக்கு வரைய வராது சிஸ்டர்’ என்று ஒதுங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கையின் அவசரம்

வண்ணப்பெட்டிக்குப் பெரும் செலவு செய்துவிட்டுத் தாளில் மிச்சம் பிடிப்பது எல்லோரும் செய்வது. நகல் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் தண்ணீர் பட்டதும் அப்பளம் போலச் சுருண்டுவிடும். பழி வரைபவர் தலையில் விழும். பள்ளிப் பிள்ளைகளின் கேம்லின் பெட்டியே தொடங்குவதற்குப் போதும். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் வாங்குங்கள்.

நீர்வண்ணத்தில் வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிட வேண்டும். முதல் பூச்சு காயாமல் அடுத்ததை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். காய்வதற்குச் சில நிமிடங்கள் கை கட்டி உட்கார வேண்டும். ஊசி, ட்ரிப், பிபி, அடுத்த கட்டில் என்று ஓடிய கைக்கு இதுதான் தாங்காது. ஈரத்தில் மீண்டும் மீண்டும் தொட்டு, இருந்த நல்ல நிறத்தையும் அழுக்காக்கிவிடுவோம். நான் அந்த நேரத்தில் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

கேமரா எங்கே கூடாது

மற்ற தவறுகள் நம்மை மட்டும் பாதிக்கும். இது பிறரைக் கொல்லாமல் கொல்லும் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தின் படம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போனது. எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. படம் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தவர், வெளிச்சம் நன்றாக இருந்தது என்று எடுத்திருக்கிறார். அடிபட்ட பையனின் அக்கா மருத்துவமனை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குவதற்கு முன்பே கைபேசியில் தம்பியைப் பார்த்துவிட்டாள். அவள் இறங்கி வந்த விதம் இன்னமும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வார்டுக்குள் கேமராவை எடுக்கவே கூடாது. முகத்தை மறைத்தாலும் சட்டையும் பச்சை குத்திய கையும் ஊரில் எல்லோருக்கும் அடையாளம் சொல்லிவிடும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பி உடம்பைக் கொடுத்தவரின் உருவம் நம்முடையது ஆகாது.

வெளியில் எடுக்கும்போது வேறொரு தவறு. ஒகேனக்கல்லுக்குப் போய் இருநூறு படம் எடுத்து வந்தவரிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளரின் 2014 ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்கள், சும்மா பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. அருவி முழுவதையும் விட்டுவிட்டுப் பரிசலின் மூங்கில் பின்னலை மட்டும் எடுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் 108 வண்டி ஓட்டும் அண்ணா ஒருவர், பணி முடியும் காலைகளில் ஒரே டீக்கடையின் பாய்லரை மட்டும் படம் எடுக்கிறார். அந்த ஆவி ஒரு நாள் இருந்தது போல மறுநாள் இருப்பதில்லை என்பார். பனிக்காலத்தில் எடுத்த ஒன்றில், ஆவிக்குப் பின்னால் கண்ணாடித் தம்ளரை நீட்டும் கை மட்டும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

தூங்காமல் போகாதீர்கள்

இரவுப் பணி முடிந்த கையோடு விடியல் வெளிச்சத்தைப் பிடிக்கிறேன் என்று பைக்கை எடுக்காதீர்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். 1997-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு இணையாக இருந்தது. நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03. நெடுஞ்சாலையில் நடப்பதை நம்மைப் போலப் பார்த்தவர்கள் யார்? பகலில் தூங்கி எழுந்து, மாலை வெளிச்சத்தில் பஸ்ஸில் போங்கள். நீர்வரத்து ஏறிப் பரிசலுக்குத் தடை விதித்திருந்தால் பாறைப் பக்கமும் போகாதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

தொலைவு போக முடியாத நாளில் அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலுக்குப் போய் விதானத்து ஓவியங்களைப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பர்கூர் அருகே மல்லப்பாடியில், பாறையில் வெள்ளை நிறத்தில் பண்டைய மனிதர் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன.

பார்த்ததையெல்லாம் வரைய வேண்டுமா?

விபத்தை, இறப்பை வரைந்துவிட்டால் மனம் ஆறும் என்று சிலர் முதல் வாரமே தொடங்கிவிடுகிறார்கள். தனியாக, அன்றைய இரவே இதைச் செய்யாதீர்கள் என்பது என் அனுபவம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட கற்கள் சிலவற்றில் அம்பு தைத்த உடம்போடும் வீரன் நிமிர்ந்து நிற்பான். கல்லைத் தேடி, கொணர்ந்து, செதுக்கி, நட்டு முடிக்க நாளாகியிருக்கும். அதற்குள் துக்கத்துக்கும் ஓர் உருவம் கிடைத்திருக்கும். நமக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, தூக்கம் போனாலோ, மது இல்லாமல் படுக்க முடியவில்லை என்றாலோ, தூரிகையை நம்பி நாள் கடத்த வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், டெலி-மானஸ் எனும் அரசு மனநல உதவி அழைப்பில் தமிழிலேயே பேசலாம். பிறருக்கு இதைச் சொல்லி அனுப்பும் நாமே கூச்சப்படுகிறோம்.

மேலே இருப்பவர்கள் செய்யும் தவறும் உண்டு. செவிலியர் தினத்தில் ஓவியப் போட்டி வைத்துக் கோப்பை கொடுத்தால் சோர்வு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தச் சோர்வை, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்தில், கேட்ட நாளில் கிடைக்கும் விடுப்புக்கு வண்ணப்பெட்டி ஈடாகாது. போட்டிக்கென்று வரைந்தவர்களில் ஒருவரும் அதன்பின் வரைந்து நான் பார்க்கவில்லை.

அந்த மாந்துளிரை மூன்று முறை தீட்டினேன். மூன்றாவது தாள் காய்வதற்குள் மரத்தில் இருந்தவை பச்சைக்கு மாறிவிட்டன. இப்போது அதே கிளையில் பூங்கொத்து வந்திருக்கிறது. அதில் மஞ்சள் எத்தனை வகை என்று நேற்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.